ஏழாவது படிக்கிற பையனுக்குத் தமிழில் என்ன கொடுப்பது?

12 ஜூன் 2024

கேள்வி இதுதான். மகன் ஏழாம் வகுப்பு. ஐந்தாவது வரைக்கும் கதைப் புத்தகத்தைக் கையிலிருந்து பிடுங்கி வைத்தால்தான் சாப்பிட வருவான். இப்போது எதையும் தொடுவதில்லை. ஆசையாகப் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கி வைத்தும் அட்டையைக்கூடத் திறக்கவில்லை. இந்த வயதுக்குத் தமிழில் என்னதான் இருக்கிறது?

ஒன்றும் இல்லை. இதுதான் என் பதில்.

பதினோரு வருடமாகப் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விருதுநகர் மாவட்டம், உதவி பெறும் பள்ளி. ஆறு முதல் எட்டு வரை முந்நூறு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மேல். புத்தகம் வாங்க வருடத்துக்கு 15,000 ரூபாய். ஐந்தாவது வரைக்கும் படப் புத்தகம் ஏராளம். அப்புறம் ஒரே தாவலில் கல்கி. நடுவில் பாலம் கிடையாது. பையன்கள் ஆற்றில் விழுகிறார்கள், நாம் கரையில் நின்று செல்போனைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

13 ஜூன்

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். இன்று காலை பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஆறு, ஏழு, எட்டுக்கு என்று நானே வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள் 142 தலைப்பு. ஒன்றும் இல்லை என்று எழுதிய கை அதே கை.

அதைவிடக் கேவலம் இன்னொன்று. அந்த 142இல் நான் முதலிலிருந்து கடைசி வரை படித்தது 31. மிச்சமெல்லாம் பின்னட்டை, விலை, எத்தனை சதவீதம் கழிவு என்று பார்த்து வாங்கியவை. கடைக்காரர் கட்டிக் கொடுத்தார், நான் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றினேன், முத்திரை குத்தினேன்.

இந்த வருடம் படிக்காமல் ஒரு புத்தகம்கூட வாங்குவதில்லை. படிக்கப் படிக்க இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர் பொறுமையாக இருக்க வேண்டும்.

20 ஜூன்

முதலில் பொன்னியின் செல்வன், கேள்வியிலேயே இருப்பதால்.

கொடுக்காதீர்கள். 2022இல் படம் வந்தபோது எங்கள் பள்ளியில் முதல் பாகத்துக்கு வரிசை நின்றது. 24 பேர் எடுத்தார்கள். இஷ்யூ ரிஜிஸ்டரைப் பார்த்தால் இரண்டாம் பாகம் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். ஒரு பையன் முதல் பாகத்தை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் ஆடிப்பெருக்கோடு நின்றுவிட்டான். வீர நாராயண ஏரிக் கரையை விட்டு அவனுடைய வந்தியத்தேவன் குதிரை நகரவே இல்லை.

பையனையும் குறை சொல்ல முடியாது. எங்களிடம் இருப்பது மலிவுப் பதிப்பு. கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமை ஆனதிலிருந்து யார் வேண்டுமானாலும் போடலாம், போடுகிறார்கள். எங்கள் பிரதியில் எழுத்து எறும்பு சைஸ். ஒரே பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு விதமாக அச்சாகியிருக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு "இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை" என்று நான் ஆசிரியர் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

3 ஜூலை

டோட்டோ-சான் மறுபடி படித்தேன். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்ட ஜன்னலில் ஒரு சிறுமி. டெட்சுகோ குரோயாநாகி ஜப்பானிய மொழியில் 1981இல் எழுதியது. ஆசிரியப் பயிற்சி எடுத்த யாரைக் கேட்டாலும் கண் கலங்கச் சொல்லும் புத்தகம். ரயில் பெட்டியில் வகுப்பறை, ஒரு குழந்தை பேசுவதை மணிக்கணக்கில் கேட்கும் தலைமையாசிரியர், எல்லாம் சரி. ஆனால் இது நமக்குப் பிடித்த புத்தகம். அதில் வரும் பிள்ளை ஒன்றாம் வகுப்பு. ஏழாவது படிக்கும் ஆள் ஒன்றாவது படிக்கும் பிள்ளையின் கதையைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடப்பானா? நடக்க மாட்டான் என்று எழுதிக்கொண்டு மூடினேன்.

4 ஜூலை

எழுதிய பிறகு எங்கள் பிரதியை எடுத்துப் புரட்டினேன். பக்கங்களின் ஓரத்தைப் பார்த்தாலே எந்த இடம் எத்தனை பேர் கையில் பட்டது என்று தெரியும். இது தொழில் ரகசியம். போலியோ வந்த நண்பனை மரத்தில் ஏற்றும் அத்தியாயம் லேசாக அழுக்கு. கன்னங்கரேல் என்று இருந்தது வேறு இடம். கழிவறைத் தொட்டிக்குள் மணிபர்ஸ் விழுந்துவிட, டோட்டோ அதைத் தேடி அகப்பையால் எல்லாவற்றையும் அள்ளி வெளியே குவிக்கும் இடம். தலைமையாசிரியர் பார்த்துவிட்டுத் திட்டவில்லை, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்.

கல்வியியல் புத்தகம் என்று நான் நினைத்ததைப் பிள்ளைகள் மலம் அள்ளும் கதையாகப் படித்திருக்கிறார்கள். யோசித்தால் அந்தத் தலைமையாசிரியரை அவர்கள்தான் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

15 ஜூலை

இந்த வாரம் ஒன்று கவனித்தேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு ரேக்கில் "சிறுவர் நூல்கள்" என்று பெயிண்டில் எழுதியிருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, நல்ல கையெழுத்து. எட்டாம் வகுப்பு லைப்ரரி பீரியடில் நாற்பது நிமிடத்தில் ஒரு ஆள்கூட அந்த ரேக் பக்கம் போகவில்லை. போட்டித் தேர்வுப் புத்தகம் அடுக்கிய பக்கம் கும்பல். படிக்கிறார்களா என்றால் இல்லை, சும்மா புரட்டுகிறார்கள். அங்கே நிற்பது ஒரு கெத்து.

ஏழாவதில் ஒரு பையன் மட்டும் பீரியட் முடிகிற நேரம் பார்த்துச் சிறுவர் ரேக்கில் கையை விட்டான். பதினாறு பக்கப் புத்தகம், பெரிய எழுத்து, அட்டையில் யானை. மேசைக்குக் கொண்டுவந்து, நான் கேட்காமலே, "தம்பிக்கு டீச்சர்" என்றான். சரி என்று எழுதிக்கொண்டேன்.

அப்புறம் ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் பார்த்தேன். அவன் மட்டும் இல்லை. தம்பிக்கு, தங்கச்சிக்கு, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு. எங்கள் ஊரில் இத்தனை பாப்பாக்களா!

16 ஜூலை

வகுப்பாசிரியரிடம் விசாரித்தேன். அந்தப் பையன் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

2 ஆகஸ்ட்

கேட்டவருக்கு ஒரு பட்டியலாவது கொடுக்க வேண்டும் என்று பழைய சோவியத் புத்தகங்களைத் தூசி தட்டினேன். எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வண்டி ஊருக்கு வந்தால் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய்க்கு மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகம் வாங்கலாம். அந்தத் தாளின் வாசனை வேறு எந்தத் தாளிலும் கிடையாது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா என்று மொழிபெயர்ப்பாளர் பெயர்கள்தான் எனக்கு முதலில் மனப்பாடம் ஆனது, எழுதியவர்கள் பெயர் வாயில் நுழையாது.

என் பட்டியலில் முதல் பெயர் கிர்கிஸ் எழுத்தாளர் ஐத்மாத்தவின் முதல் ஆசிரியர். ஏழாவது விடுமுறையில் படித்தது. என் நினைவில் இருந்தது இவ்வளவுதான்: எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரிந்த இளைஞன் ஒருவன் குதிரைக் கொட்டடியைப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான், பனிக்கட்டி மாதிரி ஓடும் ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் விடுகிறான், இரண்டு பாப்ளார் கன்று நடுகிறான். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனதே அந்த ஓடையால்தான் என்று பிரிவு உபசார விழாக்களில் பேசியிருக்கிறேன்.

இந்த வாரம் படித்தால், நடுவில் அந்த அல்தினாய் பெண்ணைச் சித்தி விற்றுவிடுகிறாள். ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போகிறான். அந்த இரவு கதையில் இருக்கிறது. விரிவாக இல்லை, ஆனால் பெரியவர் யாருக்கும் புரியாமல் போகாது. பன்னிரண்டு வயதில் இது என் கண்ணில் படவே இல்லையா? பட்டும் புரியவில்லையா? புரிந்து, நானே அழித்துவிட்டு ஓடையை மட்டும் வைத்துக்கொண்டேனா?

பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்று மூன்று நாள் யோசனை. எடுக்கவில்லை. எட்டாம் வகுப்பு என்று மட்டும் ஓரத்தில் குறித்தேன். அது எனக்கான சமாதானம், வேறொன்றும் இல்லை. ஏழாவதில் படித்துவிட்டு நான் கெட்டுப்போகவில்லையே.

12 ஆகஸ்ட்

நூலகர் தினம். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த நாள். பிரேயரில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். 1924இல் கணக்கு வாத்தியார் வேலையை விட்டு மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர், நூறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் போர் அடித்துக் கல்லூரிக்கே திரும்பப் போகிறேன் என்று நின்றவர் என்று சொன்னபோதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளைச் சொன்னபோது மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அதில் மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். எனக்கு இது எப்போதும் இடிக்கும். ஒவ்வொரு நூலுக்குமா? எங்கள் பீரோவில் அரிச்சந்திரனைப் பற்றியே நான்கு புத்தகம் இருக்கிறது. ஒன்றைக்கூட யாரும் எடுத்ததில்லை, ராமபாணப் பூச்சியைத் தவிர.

மதியம் பெயிண்டர் வந்தார். "சிறுவர் நூல்கள்" அழித்தாயிற்று. துப்பறிதல், பேய், விலங்கு, சிரிப்பு, நிஜத்தில் நடந்தது என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். புத்தகங்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் டியூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. பயிற்சியில் நான் முதல் மதிப்பெண். அந்த எண்ணைச் சொல்லிப் புத்தகம் கேட்டு ஒரு பையனும் வந்ததில்லை. "பேய் இருக்கா டீச்சர்" என்று வாரத்துக்குப் பத்துப் பேர்.

29 ஆகஸ்ட்

ஆங்கில வழிப் பிரிவுப் பிள்ளைகள் விம்பி கிட் என்ற ஆங்கிலக் கதை வரிசையைப் பிய்த்து எடுக்கிறார்கள். நிஜமாகவே பிய்ந்துவிட்டது, முதுகில் டேப். எனக்கு அந்தப் புத்தகங்கள் மேல் இளக்காரம் உண்டு. சோம்பேறிப் பையன், சுயநலம், அம்மாவை ஏமாற்றுதல். சரி, படிக்காமல் பேசக் கூடாது என்பது இந்த வருடத்துச் சட்டம். முதல் புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும் புத்தகம் எப்படி ஒன்றரை மணி நேரத்தில் முடியும்? கோடு போட்ட நோட்டு மாதிரிப் பக்கம், கையெழுத்து மாதிரி அச்சு, பக்கத்துக்குப் பாதி படம். உள்ளே இருக்கும் சொற்கள் கொஞ்சம்தான். ஆனால் கையில் கனம். தூக்கிக்கொண்டு போனால் தடிப் புத்தகம், சொன்னால் இருநூறு பக்கம், அட்டையில் யானை கிடையாது.

நம்மிடம் இருப்பது நேர் எதிர். இந்த வயதுக்கு ஏற்ற நல்ல தமிழ்க் கதைகள் 16 பக்கம், 24 பக்கம், 32 பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். விலையைக் குறைக்கத்தான் அப்படிப் போடுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அது கையில் இருந்தால் பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டாம் வகுப்பு. தடியாக இருப்பதெல்லாம் எறும்பு எழுத்து. ஒல்லி என்றால் அவமானம், தடி என்றால் முடியாது. ஜூன் மாதம் பாலம் இல்லை என்று எழுதினேன். பாலம் இருக்கிறது, ஏறினால் ஊரே பார்த்துச் சிரிக்கும் இடத்தில் கட்டியிருக்கிறோம்.

பக்கத்து அரசுப் பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பார்த்தேன், 2023இல் அரசு தொடங்கியது. அவையும் ஒல்லிதான். ஆனால் நிலைகளுக்குப் பெயர் வைத்த ஆளுக்கு ஒரு கும்பிடு. நுழை, நட, ஓடு, பற. வகுப்பு எண் எங்கேயும் இல்லை. எட்டாவது படிப்பவன் 'நட' எடுத்தால் அது அவன் நடை, அவ்வளவுதான்.

10 செப்டம்பர்

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

பத்து ஒல்லிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு பைண்டர் அண்ணாச்சியிடம் போனேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புத்தகமாகக் கட்டிக் கொடுங்கள், காலிகோ அட்டை, கறுப்பு, முதுகில் தங்க எழுத்து. அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாப்பா புத்தகத்துக்கு வக்கீல் கோட்டு மாட்டுறீங்க" என்றார். அதேதான் அண்ணாச்சி, மாட்டுங்கள். கூலி 120 ரூபாய். முதுகில் "கதைத் தொகுதி 1" என்று மட்டும் போடச் சொன்னேன்.

18 செப்டம்பர்

கதைத் தொகுதி 1 வந்தது. 216 பக்கம். மேசை மேல் சும்மா வைத்தேன். முதல் பீரியடிலேயே போய்விட்டது. எடுத்தது தம்பி இல்லாத அண்ணன். தம்பிக்கு என்று சொல்லவில்லை.

30 செப்டம்பர்

பெருமையாக எழுதியதற்குத் தண்டனை வந்தது.

ஒன்று, பின் எடுத்துவிட்டுத் தைத்ததில் உள் ஓரம் சாப்பிட்டுவிட்டது. மூன்று கதைகளில் வரியின் கடைசி எழுத்து மடிப்புக்குள். பையன்கள் அகல விரித்து அமுக்க, தையல் விட ஆரம்பித்திருக்கிறது. இரண்டு, பத்துக் கதையையும் ஒருத்தனே கொண்டுபோனால் மிச்சம் முப்பத்தொன்பது பேருக்கு? தொகுதி ஒன்று, வரிசை நீளம். மூன்றாவதுதான் பெரிது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் பத்து எண், அலமாரியில் ஒரு புத்தகம். அலுவலகத்தில் சரிபார்க்க வந்தவர் ஒன்பது புத்தகம் குறைகிறது, கட்டுங்கள் பணத்தை என்றார். புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு தலைப்புப் பக்கத்திலும் இருக்கும் முத்திரையைக் காட்டினேன். முத்திரையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

எழுதிக் கொடுத்தேன். தொகுதி 2க்கு நாலு நாலாகக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

10 அக்டோபர்

நாளை ஆயுத பூஜை. நூலகத்தில் இன்றே பூஜை போட்டுவிட்டார்கள், புத்தகத்தை யாரும் தொடக் கூடாது. வருடத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாள் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "ஒரே ஒரு புக் டீச்சர்" என்று கெஞ்சுகிறார்கள். தினமும் பூஜை போடலாமோ?

23 அக்டோபர்

ஜூன் 20இல் எழுதியதில் ஒரு திருத்தம். பொன்னியின் செல்வன் கொடுக்காதீர்கள் என்று ஆணி அடித்த மாதிரி எழுதியிருக்கிறேன். எட்டாவதில் ஒரு பெண் பிள்ளை ஆகஸ்டில் முதல் பாகம் எடுத்தாள், இன்று ஐந்தாம் பாகத்தைத் திருப்பித் தந்தாள். கோபமாக இருந்தாள். நந்தினி என்ன ஆனாள் என்று எழுதாமலே முடித்துவிட்டார் டீச்சர், இது நியாயமா? கடைசியில் கல்கி எழுதிய முடிவுரை இருக்கிறதே, அதைப் படித்தாயா என்றேன். படிக்கவில்லை, கதை இல்லை என்று விட்டுவிட்டாளாம். அங்கேயே நின்று படித்தாள். கதை முடிந்ததும் வாசகர்கள் அவர் என்ன ஆனார் இவர் என்ன ஆனார் என்று கேட்டதற்குக் கல்கி பதில் சொல்லிக்கொண்டிருப்பார். "அப்போ 1954லயும் என்னை மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க" என்றாள்.

எப்படி முடித்தாய் என்று கேட்டேன். ராத்திரி பாட்டிக்கு அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டுவாளாம். பாட்டிக்குக் கண் தெரியாது, கதை முன்பே தெரியும். தப்பாக வாசித்தால் திருத்துவாராம்.

வாரா வாரம் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் போய் நிற்கும். மொத்தமாகத் தலையில் கட்டினால் மூட்டை, ஒவ்வொன்றாகக் கொடுத்தால் கதை. கேட்டவருக்கு: ஐந்து பாகத்தையும் பரணில் வையுங்கள். வீட்டில் பாட்டி இருக்கிறாரா?

6 நவம்பர்

காமிக்ஸ். எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், தலைமையாசிரியருக்குப் பிடிக்காது. பொம்மைப் புத்தகத்துக்குப் பள்ளிப் பணமா என்பார்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1972இல் சிவகாசியிலிருந்துதான் முத்து காமிக்ஸ் வந்தது, முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் தொட்டால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பழைய மாணவர் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், ஒரு பெட்டி நிறையத் தருகிறேன் என்று போன மாதம் வந்தார். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில். நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "ஒரே ஒரு கண்டிஷன் டீச்சர். பசங்க கையில மட்டும் கொடுத்துடாதீங்க."

பெட்டியை மரியாதையாக அவரிடமே கொடுத்தனுப்பினேன். என் பணத்தில் மறுபதிப்பு இரண்டு வாங்கி மேசையில் போட்டேன். ஒரு வாரத்தில் அட்டை போயிற்று. ஏழாவது 'பி'யில் விவாதம்: உடம்பு மறையும் சரி, சட்டை ஏன் மறைகிறது? அறிவியல் டீச்சர் வகுப்புக்குள் போய், பத்து நிமிடம் வாதாடித் தோற்று வெளியே வந்தார்.

தலைமையாசிரியர் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், ஆட்சேபணை தெரிவிப்பதற்காக. இன்னும் திரும்பி வரவில்லை.

25 நவம்பர்

இரா. நடராசனின் ஆயிஷா. சின்ன நூல், அரை மணி நேரம் போதும். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் பெண் பிள்ளை, அடி வலிக்காமல் உடம்பு மரத்துப்போக மருந்து கண்டுபிடித்துத் தனக்கே ஏற்றிக்கொண்டு செத்துப்போகிறாள். ஒரு டீச்சர் தன் அறிவியல் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாக முழுக் கதையும் வருகிறது.

ஆறாவது முறையாகப் படித்தேன், ஆறாவது முறையாக அழுதேன், நடுநிலை வகுப்புக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளையைப் பிள்ளைகளிடம் கொடுக்க என் கை வரவில்லை. ஆசிரியர்கள் அலமாரியில் வைத்துவிட்டேன். பூட்டு உண்டு.

29 நவம்பர்

பூட்டு உண்டு, பூட்டுகிற பழக்கம் இல்லை. பொன்னியின் செல்வன் முடித்த அதே பெண் மதிய இடைவேளையில் அலமாரியோடு சாய்ந்து நின்று ஆயிஷாவை முடித்துவிட்டாள். பார்த்துவிட்டேன். பயத்தோடு பக்கத்தில் போனேன், ஊசி பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை. அவள் கேட்டது வேறு.

"அந்த டீச்சர் இதையெல்லாம் ஏன் டீச்சர் அவ இருக்கும்போதே சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. பெல் அடித்தது, புண்ணியமாகப் போயிற்று.

புத்தகம் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று நான் நான்கு நாள் யோசித்தேன். அது யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று அவளுக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பிரதியை ஆசிரியர் ஓய்வறை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மாணவர் அலமாரியில் வைக்கலாமா என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை. ஒரு நாள் வைக்கலாம் என்று தோன்றுகிறது, மறுநாள் கை நடுங்குகிறது.

9 டிசம்பர்

யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம். 2020இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. மரப்பாச்சிப் பொம்மை ஒரு சிறுமியோடு பேசும். வேண்டாத தொடுதலைப் பற்றி வெளியே சொல்லத் தைரியம் தரும் கதை. இதற்கு யோசிக்கவே இல்லை, திறந்த ரேக்கில், எளிதாகக் கை எட்டும் உயரத்தில் வைத்தேன். ஆயிஷாவுக்கு நடுங்கிய கை இதற்கு ஏன் நடுங்கவில்லை? இதில் பிள்ளை பிழைக்கிறது, அதனாலோ என்னவோ.

போன மாதம் அந்தப் புத்தகம் ஒரு வாரம் காணாமல் போய், தானாகவே அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. ரிஜிஸ்டரில் பதிவு இல்லை. நான் விசாரிக்கவில்லை. அந்த ரேக் என் மேசையிலிருந்து தெரியாதபடி மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். கூடவே பள்ளி ஆலோசகர் வரும் நாளையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அந்த ரேக்கின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

17 ஜனவரி 2025

சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் வந்தேன். 1977இல் ஆரம்பித்தது, நான் இருபது வருடமாகப் போகிறேன். இந்தத் தடவை தூக்கிக்கொண்டு வந்தது குறைவு. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பார்த்து வாங்கினால் ஒரு நாளைக்கு எட்டு, பத்துதான் முடியும். ஒரு அரங்கில் நான் முழுக் கதையையும் படித்து முடித்துவிட்டு வாங்காமல் எழுந்தேன், அந்தத் தம்பியின் முகம் போன போக்கு. கழிவு வழக்கமான பத்து சதவீதம்தான்.

கீழடி வரும் கதை கேட்ட பையனுக்கு உதயசங்கரின் ஆதனின் பொம்மை. பேய் கேட்ட பத்துப் பேருக்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. பேய்க் கதை என்று எடுத்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் பேயே இல்லை, மூடநம்பிக்கை என்று முடிகிறது. பகுத்தறிவு நல்லதுதான். ஆனால் பேய் கேட்டவனுக்குப் பேய் வேண்டாமா? எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து, ஒரே ஒரு நிஜப் பேய்.

20 ஜனவரி

மகனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டவரைத் திரும்பக் கேட்டிருந்தேன். பட்டியல் வேண்டாம், வழி சொல்லுங்கள் என்கிறார். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. அவனுக்கு என்று சொல்லி வாங்காதீர்கள். உங்களுக்கு வாங்குங்கள், சாப்பாட்டு மேசையிலோ டிவி பக்கத்திலோ போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். படித்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள். அவன் கழிவறைக்குள் எடுத்துக்கொண்டு போனால் பார்க்காத மாதிரி இருங்கள். ஓரம் நனைந்து திரும்பும், பரவாயில்லை.

3 பிப்ரவரி

தொகுதி 2 வந்துவிட்டது. நாலு கதை, பின் எடுக்காமல் ஓரத்தில் துணி ஒட்டித் தைத்தது, மடிப்புக்குள் எழுத்து போகவில்லை. அட்டைக்கு உள்பக்கம் நாலு ஸ்டாக் எண்ணையும் எழுதியிருக்கிறேன், சரிபார்க்க வருகிறவருக்காக.

மாலை பெல் அடித்த பிறகு அந்த ஏழாம் வகுப்பு ஆள் வந்தான். கையில் யானை அட்டைப் புத்தகம், ஜூலையில் எடுத்த அதே யானை. தம்பிக்கு என்றான். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தேன்.

"இல்ல டீச்சர், நிஜமாவே. முந்தாநேத்து பொறந்துட்டான்."

எழுதிக்கொண்டேன். திருப்ப வேண்டிய தேதி பதினைந்து நாள் என்றேன். பதினைந்து நாளில் அவன் முடிக்க மாட்டானே டீச்சர் என்றான்.